விசில் அடிக்கும் புட்டு, வெள்ளையான ஊதா ஜாம்!

குட்டீஸ்! இந்தோனேஷியாவின் ஜாவா தீவில் ஒரு தெருவில் நீங்கள் நிற்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். நேரம், மாலை ஆறரை. இருட்டிக்கொண்டு வருகிறது. எங்கிருந்தோ, 'ஊஊஊ...' என்று ஒரு விசில் சத்தம் நிற்காமல் கேட்கிறது.

ரயிலா? இல்லை. யார் வீட்டு குக்கராவது நிறுத்த ஆளில்லாமல் கத்துகிறதா? அதுவும் இல்லை. புட்டு வண்டி வருகிறது!

ஆமாம், நம்ம ஊர் புட்டு மாதிரியேதான். அரிசி மாவைச் சின்ன மூங்கில் குழாயில் அடைத்து, நடுவில் பனைவெல்லம் வைத்து, ஆவியில் வேக வைக்கிறார்கள். வெந்ததும் குச்சியால் தள்ளி வெளியே எடுத்து, தேங்காய்ப்பூவைத் தூவிக் கொடுப்பார்கள். அந்த ஊரில் பெயர், 'புத்து'. தாழம்பூ குடும்பத்தைச் சேர்ந்த பாண்டான் இலையின் சாறு சேர்ப்பதால், பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும்.

சரி, விசில் எதற்கு? தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தில், ஆவி வெளியேற ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. ஆவி அதன் வழியே பீறிட்டு வரும்போது சத்தம் எழுகிறது. வியாபாரி, 'புட்டு... புட்டு...' என்று கத்தவே வேண்டாம். அடுப்பு எரிகிற வரை அடுப்பே கூவி விற்கும். நல்ல யோசனை இல்லையா?

இதே புட்டு, சிங்கப்பூரில் வட்டமாக, குட்டித் தட்டு வடிவில் இருக்கிறது. பெயர், 'புத்து பிரிங்'. மலாய் மொழியில் பிரிங் என்றால் தட்டு. கேலாங் சிராய் பகுதிக்குப் பக்கத்தில் உள்ள ஹெய்க் சாலையில் இதற்கென்றே பெயர் பெற்ற கடை இருக்கிறது. 2019ல், 'நெட்பிளிக்ஸ்' தெரு உணவுத் தொடரில் அந்தக் கடையைக் காட்டினர். சூடாகக் கடித்தால், உள்ளே உருகிய வெல்லம் பொத்துக்கொண்டு வரும். நாக்கு பத்திரம்!

மலேஷியாவுக்குப் போனால் ஒரு வேடிக்கை. 'புட்டு மாயம்' என்று கேட்டால், தட்டில் வருவது இடியாப்பம்! தேங்காய்ப்பூவும், பழுப்பு சர்க்கரையும் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். அங்கே குடியேறிய நம் தமிழர்கள் கொண்டுபோன பலகாரம் இது. இன்று மலாய்க்காரர்களும், சீனர்களும் விரும்பிச் சாப்பிடுகின்றனர்.

இன்னும் கிழக்கே, கடல் தாண்டி பிலிப்பைன்ஸ் போவோம். அங்கே ஆவியில் வெந்த அரிசிப் பலகாரத்துக்குப் பெயர், 'புத்தோ'. மலாய் 'புத்து', பிலிப்பைன்ஸ் 'புத்தோ' எல்லாம், நம் புட்டோடு தொடர்புடைய சொற்கள் என்று கருதப்படுகிறது. எந்தக் கப்பலில் ஏறி, எப்போது போனதோ! சொல் மட்டும் போய்ச் சேர்ந்து விட்டது.

டிசம்பர் மாதம் பிலிப்பைன்சில் இருந்தால், 'புத்தோ பும்போங்' சாப்பிடாமல் வரக்கூடாது. பும்போங் என்றால் மூங்கில் குழாய். அங்கே டிசம்பர் 16 முதல் 24 வரை, ஒன்பது நாட்கள் விடியற்காலையில் தேவாலயங்களில் வழிபாடு நடக்கும். நம் ஊரில் மார்கழியில் அதிகாலையில் எழுந்து கோவிலுக்குப் போய், பொங்கலுக்காகக் காத்திருக்கிறோமே, அதே கதைதான்! வழிபாடு முடிந்து வெளியே வந்தால், வாசலில் புட்டுக் கடை. ஊதா நிறப் புட்டை வாழை இலையில் தட்டி, வெண்ணெய் தடவி, தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் தூவித் தருவார்கள்.

அந்த ஊதா நிறம் எங்கிருந்து வந்தது? 'பிருருத்தோங்' என்ற கருஞ்சிவப்பு ஒட்டரிசியில் இருந்து. ஆனால், இப்போது அந்த அரிசி அரிதாகி விட்டது, விலையும் அதிகம். அதனால், பல கடைகளில் வெள்ளை ஒட்டரிசியில் ஊதாச் சாயம் கலந்து விடுகின்றனர். இந்தச் சாய விஷயத்தை மறந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும்.

பக்கத்திலேயே 'பிபிங்கா' கடையும் இருக்கும். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை கலந்த மாவை வாழை இலை விரித்த மண் சட்டியில் ஊற்றி, கீழேயும் தணல், மேல் மூடியிலும் தணல் வைத்துச் சுடுகிறார்கள். இனிப்பு அப்பத்தின் மேல் உப்பில் ஊறிய வாத்து முட்டைத் துண்டு! கேட்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது, இல்லையா? தின்று பார்த்தவர்கள், அது இல்லாவிட்டால் பிபிங்காவே இல்லை என்கின்றனர்.

இந்த இரண்டையும் தேடி மணிலாவின் தெற்கே இருக்கும் லாஸ் பின்யாஸ் தேவாலயத்துக்குப் போகலாம். அங்கே இன்னொரு அதிசயமும் உண்டு. 1824ல் கட்டி முடித்த பெரிய ஆர்கன் இசைக்கருவி. மொத்தம் 1,031 குழாய்கள். அதில் 902 குழாய்கள் மூங்கிலால் ஆனவை! உள்ளே மூங்கிலில் பாட்டு, வெளியே மூங்கிலில் புட்டு.

சரி, வெயில் காலத்தில் போனால்? கவலையே வேண்டாம், 'ஹாலோ ஹாலோ' இருக்கிறது. போனில் கூப்பிடுவது இல்லை, குட்டீஸ். அந்த மொழியில் இதற்கு, 'கலவை' என்று பொருள்.

உயரமான கண்ணாடி டம்ளர். அடியில் இனிப்பில் வேக வைத்த பயறு, வாழைப்பழம், பலாச்சுளை, ஜவ்வரிசி, கடல்பாசி ஜெல்லி. அதன் மேல் மலை மாதிரி சீவிய ஐஸ். அதன் மேல் பால். உச்சியில் ஊதா நிற ஐஸ்கிரீம் ஒரு உருண்டை. கடைசியில் வறுத்த இளம் அவலைத் தூவுவார்கள். ஐஸ்கிரீம் மேல் அவல்! கிருஷ்ணர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

எத்தனை பொருள் போட வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் சண்டை. பம்பாங்கா மாகாணத்தில், குவாகுவா என்ற ஊரில் பிறந்த, 'ரேசான்ஸ்' கடையில் மூன்றே பொருள்தான்: வாழைப்பழம், முட்டைப் புட்டிங், மகாபுனோ. இப்போது மணிலாவிலும் அந்தக் கடையின் கிளைகள் உள்ளன. கவித்தே மாகாணத்தில் பகோர் நகரின் டிக்மன் பகுதிக்காரர்களோ டம்ளரை நிரப்பித்தான் தருவார்கள். பரிமாறும் ஆளுக்கு வேலை அதிகம், நமக்கு லாபம்.

அந்த, 'மகாபுனோ' பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அது ஒரு விசித்திரத் தேங்காய். வெளியே பார்த்தால் சாதாரணக் காய். காதருகே வைத்து ஆட்டினால், 'களக் களக்' சத்தம் வராது. உடைத்தால், உள்ளே இளநீர் இல்லை. ஜெல்லி மாதிரி கொழகொழவென்று வழுக்கை நிறைந்திருக்கும். நம் ஊரிலும் எப்போதாவது அபூர்வமாக இப்படிக் காய்ப்பதுண்டு. தயிர்த்தேங்காய் என்பார்கள். பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல். சாதாரணத் தேங்காயை நட்டால் தென்னங்கன்று வரும். மகாபுனோ முளைக்காது! உள்ளே கரு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கருவுக்கு உணவு தர வேண்டிய பருப்பு, ஜெல்லியாகி விட்டதால் அதற்குச் சாப்பாடு இல்லை. பட்டினியில் கரு செத்துவிடும். எனவே, மகாபுனோ காய்க்கும் மரம் வேண்டுமானால், அதே மரத்தின் சாதாரணக் காய்களை நட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அப்படி வளர்ந்த மரத்திலும், காய்களில் கொஞ்சம்தான் மகாபுனோவாக இருக்கும்.

1960களில், பிலிப்பைன்ஸ் பெண் விஞ்ஞானி எமெரிட்டா டி குஸ்மன் இதற்கு வழி கண்டார். காயை உடைத்து, கருவை மட்டும் பத்திரமாக எடுத்து, சர்க்கரையும் சத்துகளும் கலந்த கண்ணாடிக் குழாயில் வளர்த்தார். தாய் ஊட்ட முடியாத குழந்தைக்கு புட்டிப்பால் கொடுப்பது போல! அந்தக் கன்றுகள் மரமாகி, பெரும்பாலும் மகாபுனோவாகவே காய்த்தன. டம்ளரில் மிதக்கும் அந்த வெள்ளைத் துண்டுக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு.

இப்போது ஊதா ஐஸ்கிரீமுக்கு வருவோம். அந்த நிறம் தருவது, 'உபே' என்ற கிழங்கு. கொடியில் வளரும் வள்ளிக்கிழங்கு வகை. யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு உறவினர் இருந்தால், இது புதிதே இல்லை. அங்கே இதே இனக் கிழங்குக்கு ராசவள்ளி என்று பெயர். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து ஊதா நிறத்தில் கஞ்சி காய்ச்சுவார்கள். நாவல்பழத்துக்கு நிறம் தரும் அதே வகை நிறமிதான் இந்தக் கிழங்கிலும் இருக்கிறது.

உபே ஜாமுக்குப் பெயர் பெற்ற ஊர், பாகியோ. மணிலாவுக்கு வடக்கே, மலை மேல் ஊட்டி மாதிரி குளுகுளு நகரம். அங்கே, 'குட் ஷெப்பர்ட்' கன்னியாஸ்திரீகள் மடத்தில் ஜாம் கிண்டி விற்கின்றனர். வாசலில் எப்போதும் வரிசை. அந்த வருமானத்தில், மலைப்பகுதிப் பிள்ளைகள் பலர் அங்கேயே வேலை பார்த்தபடி படிக்கின்றனர்.

2020ம் ஆண்டின் கடைசியில் ஒரு சோதனை வந்தது. ஊதாக் கிழங்கு போதுமான அளவு கிடைக்கவில்லை. கிடைத்தது வெள்ளை நிற உபே. ருசி கிட்டத்தட்ட அதேதான். ஆனால், ஊதா இல்லாத உபே ஜாமை யார் வாங்குவார்? ஒரு சொட்டுச் சாயம் விட்டால் போதும். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. புட்டுக் கடைக்காரர்கள் செய்வதுதானே!

அவர்கள் சாயம் கலக்கவில்லை. வெள்ளையாகவே கிண்டி, வெள்ளையாகவே பாட்டிலில் அடைத்து, ஏன் இப்படி என்று விளக்கமும் சொல்லி விற்றனர். செய்தி பத்திரிகைகளில் வந்தது. 'வெள்ளை ஊதா ஜாம்' என்ன ருசி என்று பார்க்கவே பலர் தேடி வாங்கினர். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இனிப்பு அதுதான்.

தெருவில் கிடைப்பவை தனி ரகம். காலையில், 'தஹோஓஓ...' என்று நீளமாக ஒரு குரல் வரும். தோளில் காவடி போல் கம்பு. இரண்டு பக்கமும் அலுமினிய வாளி. ஒன்றில் சுடச்சுட, சோயா பாலில் செய்த, தயிரை விட மென்மையான ஆடை. இன்னொன்றில் வெல்லப்பாகும் ஜவ்வரிசியும். பிள்ளைகள் வீட்டில் இருந்து டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பாகியோவில் ஸ்ட்ராபெரி பாகு ஊற்றியும் தருகின்றனர்.

மத்தியானம் மணி அடித்தால், ஐஸ்கிரீம் வண்டி. பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பீர்கள்: 'அழுக்கு ஐஸ்கிரீம்'! தெருவில் விற்பதால் யாரோ வைத்த கேலிப் பெயர். கோனில் வேண்டுமா, பன்னுக்குள் வேண்டுமா என்று கேட்பார்கள். மாம்பழம், உபே, சீஸ் என்று மூன்று நிறத்தையும் ஒரே பன்னில் வைத்துத் தருவதும் உண்டு.

பக்கத்து நாடுகளை விட்டுவிட்டால் கோபித்துக் கொள்வார்கள். அங்கே இனிப்புக்காக நாடுகளே சண்டை போட்டிருக்கின்றன. 2018 டிசம்பரில், 'சி.என்.என்.,' நிறுவனம், உலகின் சிறந்த 50 இனிப்புகளைப் பட்டியல் போட்டது. அதில், 'செண்டோல்' சிங்கப்பூருடையது என்று எழுதிவிட்டது. வந்ததே கோபம் மலேஷியாக்காரர்களுக்கு!

செண்டோல் என்பது, பச்சை மாவை இடியாப்பம் பிழிவது போல் துளை வழியே தேய்த்து, குளிர்ந்த நீரில் விழ வைத்த குட்டிக் குட்டி நூல்கள். அதோடு தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சீவிய ஐஸ். பினாங்கில் கெங் குவீ தெருவில், 1936ல் இருந்து ஒரு செண்டோல் கடை நடக்கிறது. தெரு ஓரத்தில் நின்றபடியே கிண்ணத்தைக் கையில் பிடித்துச் சாப்பிட வேண்டும். நம் தமிழர்கள் நடத்தும் செண்டோல் கடைகளும் மலேஷியாவில் பல உண்டு.

இந்தோனேஷியாக்காரர்களோ, 'எங்கள் ஜாவாவில் எப்போதோ குடித்தது' என்கின்றனர். மியான்மர், வியட்நாம் நாடுகளிலும் இதன் தம்பி, தங்கைகள் உண்டு. தாய்லாந்தில் இதற்கு, 'லோட் சோங் சிங்கப்பூர்' என்றே ஒரு வகை. அப்படியானால் சிங்கப்பூர்தானா? அவசரப்படாதீர்கள். பாங்காக்கில், 'சிங்கப்பூர்' என்று ஒரு சினிமா தியேட்டர் இருந்தது. அதன் பக்கத்தில் விற்றதால் வந்த பெயர்!

தாய்லாந்து போனால், ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும். சோறு என்றா சொன்னேன்? ஆமாம். தேங்காய்ப்பாலில் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கிளறிய சோறு. பக்கத்தில் மஞ்சள் மஞ்சேளென்று மாம்பழத் துண்டுகள். பாங்காக்கில் தோங் லோ ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள, 'மே வாரி' கடை இதற்குப் பிரபலம். 2022 ஏப்ரலில், அமெரிக்காவில் நடந்த கோச்செல்லா இசை விழாவில், மில்லி என்ற 19 வயதுத் தாய்லாந்துப் பாடகி, பாட்டு முடிந்ததும் மேடையிலேயே இதைச் சாப்பிட்டுக் காட்டினார். ஊரில் கடைகளுக்கு ஆர்டர் குவிந்து, மாம்பழ வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம்!

'விமான டிக்கெட் யார் எடுத்துத் தருவது?' என்கிறீர்களா? அம்மா உதவியுடன் வீட்டிலேயே ஒரு ஹாலோ ஹாலோ செய்து பார்க்கலாம். வேக வைத்த ஜவ்வரிசி, சர்க்கரைப் பாகில் ஊறிய பலாச்சுளை, வாழைப்பழம், கடல்பாசி ஜெல்லி, பொடித்த ஐஸ், காய்ச்சி ஆற வைத்த பால், எந்த நிற ஐஸ்கிரீமாக இருந்தாலும் ஒரு உருண்டை, வறுத்த அவல். எல்லாவற்றையும் அடுக்கிய பின், நீளமான ஸ்பூனை அடி வரை விட்டு நன்றாகக் கலக்குங்கள். அவல் நமுத்துப் போவதற்குள் சாப்பிட்டு விடுங்கள்!