பெட்டகம் வந்தது, நர்சம்மா வந்தாரா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987-ல் தொடங்கி, 2018 முதல் 18,000 ரூபாயாக உயர்ந்து நிற்கும் மகப்பேறு உதவியில், ரொக்கமாக அன்றிப் பொருளாகவே வந்து சேரும் இரண்டு பெட்டகங்களுக்கு வடசென்னைக் குடும்பங்களில் தனி மதிப்பு உண்டு. சத்துமாவும் பேரீச்சம்பழமும் ஆவின் நெய்யும் இரும்புச்சத்து டானிக்கும் அடங்கிய, தலா 2,000 ரூபாய் பெறுமானமுள்ள அந்தப் பெட்டகம், காசிமேட்டுச் சந்தொன்றின் ஒற்றை அறைக்குள் நுழைந்ததுமே கர்ப்பிணியின் உடைமை என்ற நிலை மாறி, வீட்டின் பொதுச்சொத்தாகிவிடுகிறது. நெய் மூத்த பிள்ளையின் சோற்றுக்குப் போகிறது. பேரீச்சம்பழம் பள்ளி விட்டு வருகிற நாத்தனார் பிள்ளைகளுக்கு. விடியுமுன் கடலுக்குப் போய்த் திரும்பிய புருஷனுக்குச் சத்துமாவுக் கஞ்சி. இதில் குற்றம் காண்பதற்கில்லை; பிள்ளைகள் பார்த்திருக்கத் தான்மட்டும் உண்ணும் வித்தை நம் ஸ்திரீகளுக்கு எந்நாளும் வந்ததில்லை.

தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ரத்தசோகை உள்ளோர் 2015-16 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 44 ஆகவும், அடுத்த கணக்கெடுப்பில் 48 ஆகவும் இருந்ததற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும், இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிய கையோடு டீயைக் குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாதென்பதையும், மலம் கறுத்துப் போவது வியாதியன்று என்பதையும், மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாய்ப் பிறக்கும் என்று மாமியார் சொல்வது வீண் பயம் என்பதையும் எந்தப் பெட்டகம் எடுத்துச் சொல்லும்? அதற்கு வாசற்படியில் உட்கார்ந்து பேச ஒரு மனுஷி வேண்டும்.

அந்த மனுஷியான நர்சம்மாவோ, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் திருவொற்றியூர்ச் சாலையைக் கடந்து எர்ணாவூரிலோ தாழங்குப்பத்திலோ ஒரு வீட்டை அடைந்ததும், கர்ப்பிணியின் முகத்தைப் பார்க்குமுன் கைப்பேசியைப் பார்க்க வேண்டியவராகிவிட்டார். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கிடைக்கும் பிக்மி நம்பர் இல்லையேல் உதவித்தொகை இல்லை, பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழும் இல்லை. வாடகை வீடு மாறியவள், ஏழாம் மாதம் தாய்வீடு போனவள், ஆதாரில் பெயர் பொருந்தாதவள் என ஒவ்வொருத்திக்கும் ஒரு சிக்கல். பால்வாடி டீச்சரின் கதி இன்னும் விசித்திரமானது. 2021-ல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் கர்ப்பிணியின் முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்த்த பிறகே சத்துமாவுப் பொட்டலத்தைக் கொடுக்க வேண்டுமாம். அவ்வளவு சிரத்தையாகப் படமெடுக்கப்படும் அந்த முகத்தில், கீழிமையை இழுத்து வெளுப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை!

பதிவு இல்லாவிடில் பொருள் வழியிலேயே கரைந்துபோகும் என்று நிர்வாகத்தார் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. அந்தப் பதிவைச் சுகாதார நிலையத்திலேயே தனியாக ஓர் ஆள் செய்யட்டும். நர்சம்மாவின் பிற்பகல் வீடுகளுக்கென்றே இருந்தால், மாமியாரையும் அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அந்த நெய்யில் கர்ப்பிணியின் பங்கு எது என்று பேசித் தீர்க்க அவருக்குப் பொழுது இருக்கும்.