சுவைக்குப் பெயர் பெற்ற சிறுவிடைக் கோழி

கடைகளில் இறைச்சிக் கோழி மலிவாகக் கிடைத்தாலும், கூடுதல் விலை கொடுத்து நாட்டுக்கோழி வாங்குவோர் இருந்துகொண்டே இருக்கிறார்கள். காரணம் அதன் சுவை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாகப் புறக்கடையில் வளர்க்கப்பட்டு வரும் நாட்டுக்கோழிகளில் சிறுவிடை, பெருவிடை என்னும் இரு வகைகள் முக்கியமானவை. பெருவிடை உயரமும் எடையும் மிக்கது. சிறுவிடை உருவில் சிறியதாயினும் கறிச் சுவைக்குப் பெயர் பெற்றது.

சுவை எதனால்?

இறைச்சிக் கோழி 5 அல்லது 6 வாரங்களில் சுமார் 2 கிலோ எடையை எட்டி விற்பனைக்கு வந்துவிடுகிறது. சிறுவிடை ஒரு கிலோ எடையை எட்டவே 4 முதல் 5 மாதங்கள் ஆகும். வயது கூடுவதாலும், ஓடித் திரிந்து மேய்வதாலும் தசைநார்கள் உறுதிப்படுகின்றன. கறிக்கு மணம் தரும் பொருள்களும் தசையில் சேருகின்றன. எனவே இனம், வயது, மேய்ச்சல் மூன்றும் சேர்ந்ததே சுவை. அவசரப்பட்டு இரண்டு மாதக் குஞ்சுகளை விற்பவர்களுக்கு இந்தக் கூடுதல் விலை கிடைப்பதில்லை.

சேவல் தேர்வு

பண்டிகைக் காலத்தில் நல்ல சேவல்களையெல்லாம் விற்றுவிட்டு, விலை போகாத சேவலை இனப்பெருக்கத்திற்கு விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. எடை கூடும் என்று கலப்பினச் சேவலை விடுவதும் நல்லதல்ல. முட்டைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்கள் பெரும்பாலும் அடை படுப்பதில்லை. அவற்றோடு கலந்தால் அடைகாக்கும் குணம் குறைந்துவிடும். பிறகு குஞ்சுகளையும் விலைக்கு வாங்க நேரிடும்.

சிறுவிடைப் பெட்டை 10 முதல் 12 முட்டைகளை 21 நாட்கள் அடைகாத்து, குஞ்சுகளைத் தானே மேய்த்துக் காக்கும். எனவே நன்றாக அடைகாக்கும் பெட்டையின் வழி வந்த சேவலையே வைத்துக்கொள்ள வேண்டும். 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். நெருங்கிய உறவில் இனம் சேராமலிருக்க, ஆண்டுக்கு ஒருமுறை வேறு ஊரிலிருந்து சிறுவிடைச் சேவல் வாங்கி மாற்றவும்.

தீவனம்

மேய்ச்சலுடன் காலையும் மாலையும் கம்பு, சோளம், குருணை சிறிதளவு போடலாம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்துக் கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலை குஞ்சுகளுக்குச் செலவில்லாமல் கரையான் கிடைக்கும். மீன் கழிவை விற்பனைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிடில் கறியில் மீன் வாடை அடிக்கும்.

வெள்ளைக்கழிச்சல்

ஒரே வாரத்தில் கூட்டையே காலி செய்துவிடக்கூடியது இந்நோய். நோய் கண்டபின் மருத்துவம் பலிக்காது. குஞ்சின் 7-ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8-ஆம் வாரத்தில் தடுப்பூசியும் போட வேண்டும். தடுப்பு மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே எடுத்து வர வேண்டும். நலமாயுள்ள கோழிகளுக்கு மட்டுமே போட வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகி, ஊரிலுள்ள எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நாளில் போட்டுக்கொள்வது நல்ல பலன் தரும்.