இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்!

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மயிலம் போகும் வண்டிக்காகக் காத்திருந்தேன். சாலையோரக் கழனியில் ராட்சதத் தும்பி போல ஒரு யந்திரம் பறந்து, நெற்பயிருக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்தது. கையில் சிறு பெட்டியுடன் வரப்பில் நின்று அதை ஓட்டியவள் ஓர் இளம் பெண்! 2023 நவம்பரில், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

"ஏம்மா, கயிறும் இல்லே, கம்பியும் இல்லே. அவ சொல்றது அதுக்கு எப்படிக் கேக்குது?" என்றார் பக்கத்தில் நின்ற பாட்டி.

நல்ல கேள்வி! கண்ணுக்குத் தெரியாத கயிறு ஒன்று இருக்கிறது. அதுதான் ரேடியோ அலை. அந்த அலையை வாங்குவதும் விடுவதும் ஆன்டெனாவின் வேலை.

ஆன்டெனா என்றதும் பழைய மொட்டைமாடி ஞாபகம் வருகிறதல்லவா? வீட்டுக்காரர் மேலே நின்று கம்பத்தைத் திருப்ப, "இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்! ஐயோ, படம் போச்சு!" என்று கீழேயிருந்து கூவாத குடும்பம் உண்டா? 1926-ல் ஜப்பானியர்களான உடாவும் யாகியும் உலகுக்குத் தந்த ஆன்டெனா அது. தான் பார்க்கும் திசையில்தான் அதற்குக் காது நன்றாகக் கேட்கும்.

ட்ரோனில் சாதாரணமாக இருப்பது ஒரு சிறு குச்சி. குண்டு பல்பு போல நாலாபுறமும் அலையைச் சிதறவிடும். ஒரு கழனிக்கு அது போதும். பல கிலோமீட்டர் போக வேண்டுமானால், டார்ச் விளக்கைப் போல ஒரே திசையில் குவிப்பது நல்லது. ஆனால் ட்ரோனோ திரும்பும், சாயும், காற்றில் ஆடும். அங்கே யார் மாடியேறித் திருப்புவது? மோட்டார் வைத்தால் பாரம் கூடும். மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒரு பாட்டரியில் பறப்பதே சுமார் 10, 15 நிமிஷந்தான். ஏற்றுகிற ஒவ்வொரு கிராமும் அந்த நிமிஷங்களைத் தின்றுவிடும்.

இதற்கு வழி என்ன? கோயில் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் கரையில் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் கல்லைப் போட்டால், அலைகள் ஒன்றுசேர்ந்து நேரே போகும். ஒருவர் பின் ஒருவராகச் சற்றே தாமதித்துப் போட்டாலோ, அலை பக்கவாட்டில் சாயும். ஆட்கள் நகரவில்லை, அலைதான் திரும்பிற்று! ஜெர்மானிய விஞ்ஞானி பிரவுன் 1905-லேயே மூன்று ஆன்டெனாக்களைக் கொண்டு இப்படி ஒரு திசையில் அலையைச் செலுத்திக் காட்டினார்.

இன்று மெல்லிய அட்டையில் நான்கு செம்புத் தகடுகளைப் பதித்து, அந்தத் தாமதத்தை ஒரு சில்லு கணக்கிட்டுக் கொடுக்கும்படி செய்கிறார்கள். குறித்த திசையில் அலை நான்கு மடங்கு வலுக்கும். வெட்டவெளியில் எட்டும் தூரம் இரண்டு மடங்காகும். அட்டை வளைந்தால் கணக்குப் பிசகும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார், செம்புத் துகள் மையால் அச்சிட்ட வளையும் ஆன்டெனாவைச் செய்து, அந்தப் பிசகையும் உடனுக்குடன் திருத்தும் சில்லை 2025-ல் அறிவித்தார்கள்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவி ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது.

மருத்துவ உதவி என்றதும் பாட்டியின் முகம் மாறியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன.

"போனும் செத்துப் போச்சு. பேரனுக்கு ஜுரம். மருந்துக்கு எங்கே போறது?" என்றார் பாட்டி.

அப்படிப்பட்ட ராத்திரியில்தான், பாரமில்லாத அந்த அட்டையின் அருமை தெரியும். தரையில் கோபுரங்கள் ஊமையானாலும் ட்ரோனின் கயிறு அறக்கூடாது. அறுந்தால், மருந்து போய்ச் சேராது.

"அப்போ, மேலே ஏறித் திருப்ப ஆளே வேணாமா?"

"வேண்டாம் பாட்டி. தானே திருப்பிக்கொள்ளும்."

"எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாரு!" என்று சிரித்துக்கொண்டே பாட்டி பஸ் ஏறினார்.