உரோமாபுரியின் காவலர்

இன்றைய நகரமொன்றில் ஒருவனுடைய பணப்பை பறிக்கப்பட்டால் அவன் முதலில் நாடுவது பொலிஸ் நிலையத்தையே. இற்றைக்கு இரண்டாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் உரோமாபுரியில் இதே தீங்கிற்கு ஆளானவன் ஓடிச்சென்று முறையிடுவதற்கு அத்தகைய நிலையம் எதுவும் இருக்கவில்லை. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளைத் தன் ஆணைக்குள் கொண்டுவந்த நகரம் அது. கடல் கடந்த தேசங்களில் ஒழுங்கை நிலைநாட்டப் படைகளை அனுப்பிய நகரம் அது. ஆயினும் தன் சொந்த வீதிகளைக் காக்கக் காவற்படை ஒன்றை அது பல நூற்றாண்டுகளாக வைத்திருக்கவில்லை. இஃது ஏன் நேர்ந்தது, பின்னர் எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தால் நன்மை பெற்றவர் யாவர் என்பன ஆராயத்தக்க வினாக்களாகும்.

உரோமர் குடியரசாக வாழ்ந்த காலத்தில் நகரின் புனித எல்லைக்குள் படைவீரர் ஆயுதம் தாங்கிப் புகுதல் ஆகாது என்பது தொன்றுதொட்ட மரபு. படைபலம் கொண்டு ஒருவன் மன்னனாகிவிடுவான் என்னும் அச்சமே அம்மரபின் வேர். கொன்சல் முதலிய உயர் அதிகாரிகளுக்கு முன்னே, கோற்கட்டுகளைத் தோளில் தாங்கிய ஏவலர் சிலர் நடந்து செல்வர். மூவர் அடங்கிய சிறு குழுவொன்று சிறைச்சாலையையும் மரண தண்டனைகளையும் மேற்பார்வை செய்தது. அரசுக்குரிய அடிமைகள் சிலரைக் கொண்டு இரவில் தீ விபத்துகளையும் கவனித்தது. இலட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த நகருக்கு இருந்த பாதுகாப்பு இவ்வளவே.

அவ்வாறாயின் ஒழுங்கு எவ்வாறு நிலவியது? குடும்பமும் அயலுமே முதற் காவலாக இருந்தன. கி.மு. 450 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. இரவில் வீடு புகுந்த கள்வனை வீட்டுக்காரன் கொன்றாலும் அது குற்றமாகாது. பகலில் வந்த கள்வனையோ, அவன் ஆயுதம் கொண்டு எதிர்த்தாலன்றிக் கொல்லுதல் கூடாது. அப்பொழுதும் உரத்த குரலெழுப்பி அயலவரைச் சாட்சிக்கு அழைத்தல் வேண்டும். வழக்குத் தொடுப்பவன் எதிரியைத் தானே மன்றுக்குக் கொண்டுவர வேண்டும். எனவே உறவினரும் நண்பரும் ஆதரவளிக்கும் பெரிய மனிதர் ஒருவரும் உடையவனுக்கே நீதி எளிதாயிற்று. எவருமற்ற ஏழைக்குச் சட்டம் ஏட்டளவில் நின்றது.

இம்முறை நகரம் சிறிதாயிருந்த காலத்திற்குப் பொருந்தியது. பெருந்தலைவர்கள் சட்டத்தை மதித்து நடக்கும் வரையிலும் அது நிலைத்தது. கி.மு. 133 இல் அந்த மதிப்பு உடைந்தது. நிலமற்றோருக்குப் பொது நிலத்தைப் பங்கிட முயன்ற திபேரியஸ் கிராக்கஸ் என்பவரைச் செனற் சபையினரும் அவர்தம் ஆதரவாளரும் ஆசனங்களின் உடைந்த கால்களைக் கொண்டே அடித்துக் கொன்றனர். அன்று முந்நூறு பேருக்கு மேல் மாண்டதாகப் புளூட்டாக் எழுதியுள்ளார். கலகத்தை அடக்கவேண்டிய பெருமக்களே கலகக்காரராக மாறியபொழுது அவர்களைத் தடுக்க எவரும் இருக்கவில்லை.

அதன் பின்னர் வந்த எண்பது ஆண்டுகளில் நோய் முற்றியது. குளோடியஸ் என்னும் அரசியல்வாதி ஏழை மக்களின் சங்கங்களைத் திரட்டி வீதிப்படை அமைத்தான். அவனுக்கு எதிராக மைலோ என்பவன் மற்போர் வீரரை விலைக்கு வாங்கித் தன் படையை அமைத்தான். கி.மு. 52 ஆம் ஆண்டு சனவரியில் அப்பியப் பெருவழியிலே இரு கூட்டத்தாரும் எதிர்ப்பட்டனர், குளோடியஸ் கொல்லப்பட்டான். சினங்கொண்ட மக்கள் அவன் சடலத்தைச் செனற் மண்டபத்துக்குள் கொண்டுசென்று, அங்கிருந்த ஆசனங்களையும் ஏடுகளையுமே விறகாக அடுக்கி எரியூட்டினர். மண்டபமும் சேர்ந்து எரிந்து சாம்பலாயிற்று. வேறு வழியின்றிச் செனற் சபை பொம்பேயஸ் என்னும் தளபதியைத் தனிக் கொன்சலாக நியமித்தது. மைலோவின் வழக்கு விசாரணை நடைபெற்ற நாளில் ஆயுதமேந்திய வீரர் மன்றைச் சூழ்ந்து நின்றனர். நகருக்குள் படை புகலாகாது என்ற மரபைக் கைவிட்ட பின்னரே ஒழுங்கு திரும்பியது. குடியரசு தன் வீதிகளைத் தானே காக்க இயலாது போனமை அதன் வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

உள்நாட்டுப் போர்களின் முடிவில் தனியாட்சி பெற்ற ஒகஸ்தஸ் சக்கரவர்த்தி இந்தப் பாடத்தை நன்கு கற்றிருந்தார். அவர் காலத்தில் உரோமாபுரியின் சனத்தொகை ஏறத்தாழப் பத்து இலட்சமாயிருந்தது என அறிஞர் மதிப்பிடுகின்றனர். பல மாடிகள் கொண்ட வாடகைக் கட்டடங்கள் நெருங்கி நின்றன. அவற்றின் உயரம் எழுபது உரோம அடிக்கு மேற்படலாகாது என அவர் விதித்தார். அத்தகைய நகரில் கள்வனைவிடக் கொடிய பகை நெருப்பேயாகும்.

தீயணைப்பைப் பற்றிய ஒரு வரலாறு ஒகஸ்தஸின் உள்ளத்தைக் காட்டவல்லது. எக்னாத்தியஸ் ரூபஸ் என்னும் நகர அதிகாரி தன் சொந்த அடிமைகளைக் கொண்டு தீயணைப்புக் குழு ஒன்றை நடத்தினான். மக்கள் அவனைக் கொண்டாடினர். அடுத்த உயர்பதவிக்கும் விரைவிலே தெரிந்தெடுத்தனர். பின்னர் அவன் கொன்சல் பதவிக்கும் போட்டியிட முயன்றான்; ஈற்றில் சதிக்குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டான். வீடுகளின் தீயை அணைப்பவன் மக்களின் நன்றியைப் பெறுகின்றான். அந்நன்றியே அரசியற் பலமாகின்றது. அத்தகைய பலம் தம்மையன்றி வேறெவரிடத்தும் இருத்தலாகாது என்பதே சக்கரவர்த்தியின் கொள்கை.

ஆகவே கி.மு. 7 இல் நகரம் பதினான்கு வட்டாரங்களாக வகுக்கப்பட்டது. கி.பி. 6 இல் பெருந்தீக்கள் பல நிகழ்ந்ததன் பின்னர் ‘விகிலஸ்’, அதாவது விழித்திருப்போர், என்னும் படை தோன்றியது. ஏழு பிரிவுகள் கொண்ட அப்படையில் ஒவ்வொரு பிரிவும் இரண்டு வட்டாரங்களைக் காத்தது. விடுதலை பெற்ற அடிமைகளே அதிற் சேர்க்கப்பட்டனர். அடிமை விற்பனை மீது விதிக்கப்பட்ட வரியிலிருந்து அவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. சிறிது காலத்திற்கென ஏற்படுத்தப்பட்ட இப்படை அதன் பயன் கருதி நிலைபெற்றுவிட்டது. கோடரியும் கொக்கியும் ஏந்தி அவர்கள் இரவு முழுவதும் சுற்றிவந்தனர். மேன்மாடியில் வாழ்வோர் தண்ணீர் சேமித்து வைத்திருக்கவேண்டும் என எச்சரித்தனர். கவனயீனமாக நெருப்பைக் கையாண்டோர் அடியும் பெற்றனர். வீடுடைத்தோர், கள்வர், களவுப்பொருளை வாங்கியோர் ஆகியோரை விசாரிக்கும் அதிகாரமும் அப்படையின் தலைவருக்கு இருந்தது. தைபர் நதிக்கு அப்பாலுள்ள ஒரு காவற்கூடத்தின் சுவர்களில் இவ்வீரர் கீறிவைத்த எழுத்துகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டன. தான் களைத்துவிட்டதாகவும், தன் இடத்துக்கு வேறொருவனை அனுப்புமாறும் அவர்களுள் ஒருவன் அங்கே எழுதியிருக்கின்றான்.

விகிலஸ் படையோடு வேறு இரண்டு படைகளும் நகரில் இருந்தன. ஒன்று நகரத் தலைவரின் கீழ் இயங்கிய நகரப்படை. விளையாட்டரங்குகளிலும் சந்தைகளிலும் அமைதி காத்தலும், கலகங்களின் செய்தியை உடனுக்குடன் அறிவித்தலும் அதன் கடமை. மற்றையது சக்கரவர்த்தியின் மெய்காவலரான பிரிட்டோரியப் படை. ஒகஸ்தஸ் அப்படையின் ஒரு பகுதியையே நகரில் வைத்திருந்தார். திபேரியஸ் காலத்தில், செஜானஸ் என்னும் அதன் தலைவன் முழுப்படையையும் நகரின் ஓரத்திலே ஒரே பாசறையில் ஒன்றுசேர்த்தான். அதன் விளைவு விரைவில் வெளிப்பட்டது. கி.பி. 41 இல் கலிகுலாவின் கொலைக்கு அப்படையின் அதிகாரிகளே உடந்தையாயினர். குளோடியஸின் பெயரை ஒத்த குலோதியஸ் என்பவரைச் சிம்மாசனத்தில் ஏற்றியவரும் அவர்களே. கி.பி. 193 இல் சக்கரவர்த்திப் பதவியையே ஏலத்தில் விற்றனர். இறுதியில் கி.பி. 312 இல் கொன்ஸ்தந்தைன் அப்படையைக் கலைத்துவிட்டார்.

இப்படைகள் யாரைக் காத்தன என்பதற்குக் கி.பி. 61 இல் நிகழ்ந்த ஒரு துயரம் விடை பகர்கின்றது. நகரத் தலைவராயிருந்த பெதானியஸ் செக்குந்தஸ் தம் வீட்டிலேயே அடிமை ஒருவனாற் கொல்லப்பட்டார். எசமானன் கொல்லப்பட்டால் அக்கூரையின் கீழிருந்த அடிமைகள் அனைவரும் கொல்லப்படவேண்டும் என்பது பழைய விதி. அவ்வீட்டில் நானூறு அடிமைகள் இருந்தனர். பெண்களும் சிறுவரும் அவர்களுள் அடங்குவர். செனற் சபையிலே சிலர் இரக்கங் காட்டினர். காசியஸ் என்னும் சட்ட அறிஞரோ, அச்சம் ஒன்றே அடிமைகளை அடக்கும் என வாதித்து வென்றார். நகரத்துப் பொதுமக்கள் கல்லும் தீப்பந்தமும் ஏந்தித் திரண்டு அத்தண்டனையைத் தடுக்க முயன்றனர். நீரோ சக்கரவர்த்தி வழிநெடுகப் படைவீரரை நிறுத்தினார். அவர்களின் அணிவகுப்புக்கு நடுவே நானூறு பேரும் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அன்று ஒழுங்கு குலையவில்லை. ஆயின் நீதி குலைந்தது.

தலைநகருக்கு வெளியே நிலைமை வேறு. பெரும்பாலான மாகாண நகரங்களில் இத்தகைய படைகள் இருக்கவில்லை. கி.பி. 59 இல் பொம்பெயி நகரின் அரங்கிலே உள்ளூராருக்கும் அயலூரான நூசேரியாவிலிருந்து வந்தோருக்கும் மூண்ட வாய்ச்சண்டை கல்லெறியாகிக் கொலையில் முடிந்தது. அக்காட்சியைத் தீட்டிய சுவரோவியம் இன்றும் நேப்பிள்ஸ் நகர் நூதனசாலையில் உள்ளது. செனற் சபை அந்நகரத்தார் பத்து ஆண்டுகளுக்கு அத்தகைய காட்சிகளை நடத்தலாகாது எனத் தடைவிதித்தது. நிகழ்ந்தபின் தண்டித்தார்களேயன்றி நிகழுமுன் தடுக்க ஆளில்லை.

அதற்கு அரை நூற்றாண்டின் பின்னர் பிதினியா மாகாணத்தின் ஆளுநராயிருந்த பிளினி, திரயான் சக்கரவர்த்திக்குக் கடிதமொன்று எழுதினார். நிக்கோமீடியா நகரில் பெருந்தீ பரவியதையும், மக்கள் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்ததையும் கூறி, நூற்றைம்பது பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் ஒன்றை அமைக்க அனுமதி வேண்டினார். சக்கரவர்த்தி மறுத்துவிட்டார். எப்பெயரில் மக்கள் கூடினாலும் அக்கூட்டம் விரைவில் அரசியற் சங்கமாகிவிடும் என்பது அவர் கூறிய காரணம். தீயணைக்கும் கருவிகள் இருக்கட்டும். வீட்டுக்காரரும் வேடிக்கை பார்ப்போரும் அவற்றைப் பயன்படுத்தட்டும் என்று பணித்தார். எரியும் நகரைவிட ஒன்றுகூடும் மக்களுக்கே பேரரசு அஞ்சியது.

சாதாரணக் குடிமகனின் முறையீட்டைக் கேட்டவர் யார்? எகிப்தில் கிடைத்த பப்பைரஸ் ஏடுகளிலே கிராமத்தார் நூற்றுவர்த் தலைவருக்கு எழுதிய மனுக்கள் பல உள்ளன. களவும் அடியும் அவற்றிற் சொல்லப்படுகின்றன. பிரித்தானியாவில் பாத் என்னும் ஊரிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து ஏறத்தாழ 130 ஈயத் தகடுகள் வெளியெடுக்கப்பட்டுள்ளன. மேலாடையும் பணமும் களவுபோனோர் கள்வனைத் தண்டிக்குமாறு அவ்வூற்றின் தேவதையான சூலிஸ் மினர்வாவுக்கு எழுதிய விண்ணப்பங்களே அவற்றுட் பெரும்பாலானவை. கள்வன் ஆணாயினும் பெண்ணாயினும், அடிமையாயினும் சுதந்திரனாயினும் தப்பலாகாது எனச் சட்ட ஆவணம் போலவே அவை எழுதப்பட்டுள்ளன. அதிகாரியின் வாசல் எட்டாத இடத்திலே தெய்வத்தின் வாசலை அம்மக்கள் தட்டினர்.

வீதியில் அமைதி நிலவுதல் ஒன்று. அவ்வீதியில் நடப்பவன் பாதுகாப்புப் பெறுதல் மற்றொன்று. உரோமப் பேரரசு முதலாவதை விலை கொடுத்து வாங்கியது. இரண்டாவதைக் குடிமக்களின் அயலவருக்கும் தெய்வங்களுக்கும் விட்டுவிட்டது. ஆயினும் மாடிப்படிகளில் ஏறித் தண்ணீர்க் குடம் நிரம்பியுள்ளதா எனப் பார்த்துச் சென்ற அந்த விழிப்போரின் பணியில் மட்டும் வேறொரு தன்மை உண்டு. செல்வனின் மாளிகையும் ஏழையின் மேன்மாடி அறையும் எரியாமலிருக்கவே அவர்கள் இராக்கண் விழித்தனர். அரசைக் காக்கும் காவலும் மக்களைக் காக்கும் காவலும் சேர்ந்து நடந்த இடம் அந்நகரில் அதுவொன்றே எனலாம்.