கோயில் மதில் யாருக்குக் காவல்?

பள்ளி விடுமுறையில் மலாக்கா பார்த்துவிட்டு வந்த லெம்பா பெர்த்தாம் பையன் ஒருவன், பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, மலாக்காவுல குன்று மேல கூரையே இல்லாத மாதா கோயில் ஒண்ணு இருக்கு. சுவரு மட்டும் இவ்வளவு தடிப்பு! அது கோயிலா, கோட்டையா?"

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர், குன்றைச் சுற்றிக் கோட்டை எழுப்பினர். 1521-இல் துவார்த்தே கொயல்யோ என்ற தளபதி அந்தக் குன்றின் உச்சியில் மாதாவுக்கு ஒரு சிறு கோயில் கட்டினார். 1641-இல் வந்த டச்சுக்காரர் அதற்குப் புனித பவுல் பெயரை இட்டனர். பின்னால் வந்த ஆங்கிலேயரோ அதில் வெடிமருந்து மூட்டைகளை அடுக்கினர்! செபம் கேட்ட சுவர்களுக்குள் வெடிமருந்து வாசம். 1807-இல் கோட்டையை ஆங்கிலேயரே இடித்துத் தள்ளினார்கள். சாந்தியாகோ வாசல் ஒன்றுதான் தப்பியது.

ஆகவே பையனுக்கு, "இரண்டும்தான் தம்பி" என்றேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாமி கும்பிடும் இடத்துக்கு இத்தனை பருமனான சுவர் ஏன்?

இது போர்த்துகீசியர் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. 1066-இல் நார்மன் அரசர் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். பிடித்த நாட்டில் ஊருக்கு ஊர் கோட்டை எழுந்தது. கோட்டைக்குப் பக்கத்திலேயே பெரிய பெரிய தேவாலயங்களும் எழுந்தன. லிங்கன் நகரத்துத் தேவாலயம் அவற்றில் ஒன்று. ரெமீஜியஸ் என்ற பிஷப் கட்டத் தொடங்கி, 1092-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் மேற்கு முகப்பைப் பார்த்தால் தேவாலயம் என்றே தோன்றாது. கோட்டை வாசல்போல ஆழமான வளைவுகள். வளைவின் உட்புற மேற்பகுதியில் நீண்ட துளைகள். வாசலுக்கு வரும் பகைவன் தலையில் மேலிருந்து கல்லைப் போடுவதற்கு வைத்த துளைகள் அவை என்று ஆய்வாளர் சிலர் கூறுகிறார்கள். 1185-இல் வந்த நிலநடுக்கத்தில் தேவாலயத்தின் பெரும்பகுதி பிளந்து விழுந்தது. அந்த நார்மன் முகப்பு மட்டும் அசையவில்லை. பிறகு கட்டிய அழகிய வேலைப்பாடுகளின் நடுவே அது இன்றும் முரட்டுத்தனமாக நிற்கிறது.

சரி, அது வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கென்ன என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நம் தாத்தா பாட்டிமார்களில் பலர் திருச்சிச் சீமையிலிருந்து கப்பலேறியவர்கள். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்ட ஸ்ரீரங்கம் கோயிலை விடப் பெரிய கோயில் கோட்டை எங்கே இருக்கிறது?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தீவு. தீவிலே ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள். 156 ஏக்கர் பரப்பு, 21 கோபுரங்கள். அந்த மதில்களை 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம், 25 அடி உயரம், 4 அடி கனம் என்று எழுதி வைத்தார். வெளிமதிலின் சுற்றளவு ஏறத்தாழ நான்கு மைல் என்றார். வெளிச் சுற்றுகளில் தெருக்கள், வீடுகள், கடைகள் எல்லாம் உண்டு. உள்ளே குளம் உண்டு. வட்ட வடிவில் கட்டிய பழைய நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. தண்ணீர், நெல், மதில் மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் படைத்தலைவன் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்?

மதில் எழுப்பியவர்களில் திருமங்கை ஆழ்வாரும் ஒருவர் என்பது வைணவ மரபு. அவர் மதில் கட்டிக்கொண்டு வரும்போது தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் பூந்தோட்டம் குறுக்கே வந்ததாம். செடிகளை வெட்டாமல், மதிலைத் திருப்பிக் கட்டினாராம். கொழுந்துச் செடியோடு வாழ்கிற நமக்கு இந்தக் கதை பிடிக்கத்தானே செய்யும்?

ஆனால் 1323-இல் டில்லிப் படை வந்தபோது மதில்கள் போதவில்லை. பிள்ளை லோகாசாரியார் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு ஒரு சிறு கூட்டத்தோடு தெற்கே போனார். மூலவர் சந்நிதியை மறைத்து வேதாந்த தேசிகர் கல்சுவர் எழுப்பச் செய்தார் என்பது மரபு. முதியவரான லோகாசாரியார் மதுரைக்கு அருகே வழியிலேயே காலமானார். காட்டிலும் மலையிலும் ஊர் ஊராகச் சுற்றிய பெருமாள், விஜயநகரத் தளபதி கோபணாரியர் முயற்சியால் திரும்ப வந்தது 1371-இல்தான். 48 ஆண்டுகள்! மூர்த்தியைக் காப்பாற்றியது மதில் அல்ல, தோளில் சுமந்து நடந்த மனிதர்கள்.

அடுத்த சோதனை 18-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதினர். முன்னவருக்கு ஆங்கிலேயர் துணை, பின்னவருக்கு பிரெஞ்சுக்காரர் துணை. 1752-இல் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த சந்தா சாகிபும் பிரெஞ்சுத் தளபதி லாவும், ஆங்கிலேயர் கை ஓங்கியதும் ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கம், திருவானைக்கா கோயில்களுக்குள் போய் ஒடுங்கினார்கள். மதில் பலமாகத்தான் இருந்தது. ஆனால் கிளைவ் வடக்கே சமயபுரத்தில் அமர்ந்துகொண்டு புதுச்சேரி வழியை அடைத்துவிட்டார். உணவும் உதவியும் வரவில்லை. அரணாக நினைத்துப் புகுந்த இடம் பொறியாகிவிட்டது. ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். தப்ப முயன்ற சந்தா சாகிப் தஞ்சைத் தளபதியிடம் அகப்பட்டுத் தலையிழந்தார்.

இந்த இடத்தில் ஓர்ம் ஒரு சம்பவம் சொல்கிறார். கோயிலுக்குள் ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் இருந்தார்கள். வென்ற படை கோயிலை ஏற்க வந்தபோது, மூன்றாம் மதிலைத் தாண்டி யாராவது கால் வைத்தால் வெட்டிப் போடுவோம் என்று உறுதியாக நின்றார்கள். அவர்களுடைய துணிவை மெச்சிய ஆங்கிலேயர், அப்படி நடக்காது என்று வாக்குக் கொடுத்தார்கள். தோற்ற பக்கத்து வீரர்கள் அவர்கள், கூலிக்கு வந்தவர்கள். இருந்தும் எங்கே கோட்டை முடிகிறது, எங்கே கோயில் தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனையோ தளபதிகளுக்குத் தெரியாத எல்லை அது!

சிதம்பரத்துக்கும் இதே கதிதான். 1648-இல் பீஜப்பூர்ப் படைக்கு அஞ்சி ஊரை விட்டுப் போன நடராஜர் 1686-இல்தான் திரும்பினார். 1781-இல் ஹைதர் அலியின் வீரர்கள் கோயிலைக் கோட்டையாக்கிக் காவலிருந்தார்கள். ஜூன் 18 இரவு ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கிப் பார்த்து, முடியாமல் பின்வாங்கினார். மதில் தாங்கியது, உண்மைதான். ஆனால் மதில் அவ்வளவு பலமாக இல்லாதிருந்தால் அந்தப் படை அங்கே வந்திருக்குமா என்று எனக்குத் தோன்றுகிறது. பூக்கட்டுகிறவரும் மடைப்பள்ளிக்காரரும் ஓதுவாரும் பீரங்கிச் சத்தத்தை யாசித்தா வாங்கினார்கள்?

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தையும் சொல்லியாக வேண்டும். 1678-இல் தொடங்கி 1680-இல் முடித்தார்கள். சுவர் நாலடிக் கனம். கூரையில் மரமே இல்லை. குண்டு விழுந்தாலும் தீப்பிடிக்காதபடி வளைத்துக் கட்டிய செங்கல் கூரை. கரையானுக்கும் அதில் வேலையில்லை. 1758-59 பிரெஞ்சு முற்றுகையையும் கடந்து அது இன்னும் நிற்கிறது.

இப்போது கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரே விமானம் போகிறது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கோ நேர்த்திக்கடனுக்கோ போகிறவர்கள் ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசல் வழியாக நுழையுங்கள். பல நூற்றாண்டுகள் மொட்டையாகக் கிடந்து, 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம் அங்கே இருக்கிறது. எல்லாரும் அதையே அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் பக்கத்திலும் பாருங்கள். கோபுரத்தின் இருபுறமும் கடைகளுக்குப் பின்னால் ஓடுகிற கருங்கல் மதில் தெரியும். பிள்ளைகளை அதன் அருகே நிறுத்தி, கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு உள்ளே நடந்து போகும்போது ஒவ்வொரு வாசலாக எண்ணச் சொல்லுங்கள். அந்த ஆயிரம் பேர் காத்து நின்ற மூன்றாம் மதில் எதுவாக இருக்கும் என்று அவர்களே கேட்பார்கள்.