உங்களுக்குத் தெரியுமா? பெரம்பலூரில் படுத்திருக்கும் கல்மரம்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒரு மரம் முழுக்க முழுக்கக் கல்லாகிக் கிடக்கிறது. வயது சுமார் 10 கோடி ஆண்டு!

● அன்று இந்தப் பகுதி கடல். வண்டலில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா புகுந்து, கட்டையைக் கல்லாக்கிவிட்டது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டார். இன்று தேசியப் புவியியல் சின்னம்.

● 2020இல் அதே மாவட்டத்துக் குன்னத்தில் ஏரி தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. ‘டைனோசர் முட்டை’ என்று ஊரே திரண்டது. அம்மோனைட் என்ற கடலுயிரியின் படிமங்கள் என்றார்கள் வல்லுநர்கள். (நம்மைக் கேட்டால் அதுவும் குறைந்த அதிசயமில்லை.)

● அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாளுக்குச் சிலை கிடையாது. சுமார் 12 அடி உயரக் கம்பம்தான் மூலவர்.

● அரியலூரிலிருந்து உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். கோயில் வளாகத்தில் பிரம்மாண்டமான சுதைச் சிங்கம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் உடலிலுள்ள வாசல் வழியே படியிறங்கினால் கிணறு! சிங்கம் சோழர் காலத்தது அல்ல; 19ஆம் நூற்றாண்டில் உடையார்பாளையம் ஜமீன் கட்டியது.

● அங்கிருந்து கும்பகோணம் போகிறவர்கள் கொள்ளிடத்தைக் கடப்பது அணைக்கரையில். 1836இல் அங்கே கீழணை கட்ட, ராஜேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கற்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாத்தனூரில் ஒரு சில்லைக்கூட எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.