அன்னம் பகையாகுமா?

அக்னி தீர்த்தக் கடலில் நீராடி, ஈர உடையுடன் கோயிலுக்குள் புகுந்து, 22 தீர்த்தங்களின் நீரையும் தலையில் ஏற்று, உடை மாற்றி, இராமநாதசுவாமியையும் பர்வதவர்த்தினி அம்பாளையும் தரிசித்து வெளியே வரும் குடும்பங்கள் உணவு விடுதியில் இலைக்கு முன் அமரும்போது பெரும்பாலும் நண்பகல் ஆகிவிடுகிறது. அங்கே இப்போது அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பரிமாறுபவர் சோற்றுப் பாத்திரத்துடன் வருவார். எழுபது வயதுப் பெரியவர் வாய் திறக்குமுன், அருகில் இருக்கும் மகள், "அப்பாவுக்குச் சோறு வேண்டாம், எடை கூடிவிடும். இரண்டு சப்பாத்தி வையுங்கள்" என்று சொல்லிவிடுவார். பெரியவரும் மறுப்பதில்லை. சப்பாத்தியோடு உருளைக்கிழங்குக் குருமாவும், இரண்டு அப்பளமும், ஒரு கிண்ணம் பாயசமும் அவருக்குள் இறங்கும். சோறு மட்டும் இறங்கவில்லை என்ற நிம்மதியோடு அனைவரும் எழுவார்கள்.

அன்னத்தைத் தெய்வமாக வணங்கும் மரபில் பிறந்தவர்கள், முதுமையில் அந்த அன்னத்தையே அச்சத்தோடு பார்க்கும் நிலை வந்திருக்கிறது. அந்த அச்சத்திற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிதாகி வருகிறது. ஆயினும் குற்றம் முழுவதையும் சோற்றின் மீது சுமத்துவது சரிதானா? மாவுச்சத்து உண்பதால்தான் உடல் பருக்கிறதா?

சேது யாத்திரை சொல்லும் பாடம்

இதற்கான விடையின் ஒரு பகுதி இராமேசுவரம் செல்லும் பாதையிலேயே கிடக்கிறது. ரயில் வருவதற்கு முன் சேது யாத்திரை என்பது பல வார காலக் கால்நடைப் பயணம். வழிநெடுகச் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் சத்திரங்கள் அமைத்து யாத்திரிகர்களுக்கு அன்னமிட்டனர். ஒரத்தநாட்டிலுள்ள முத்தாம்பாள் சத்திரம் அவ்வாறு எழுந்தவற்றுள் ஒன்று. அங்கே பரிமாறப்பட்டது பெரும்பாலும் சோறுதான். அதுவும் வயிறு நிறையச் சோறு. உண்டவர்கள் மறுநாள் விடியலில் மீண்டும் நடந்தார்கள். கடற்கரை வந்ததும் படகேறிக் கடலைக் கடந்தார்கள்.

1914ஆம் ஆண்டு பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் சாலைப் பாலம் வந்தது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டுவிட்டது. இன்று யாத்திரிகர் வீட்டு வாசலில் வண்டி ஏறி, கோயில் வீதிக்கு அருகே இறங்கிவிடலாம். இலையில் விழும் சோற்றின் அளவு அவ்வளவாகக் குறையவில்லை. நடை மட்டும் குறைந்துவிட்டது.

இராமநாதபுரச் சீமையின் உழவர் குடும்பங்களும் இதையே உணர்த்துகின்றன. மழையை நம்பிய கண்மாய்ப் பாசனத்தில் விளைந்த சித்திரைக்கார் போன்ற சிவப்பு நெல்லை உரலில் குத்திச் சமைத்து, காலையில் பழைய சோறும் இரவில் சுடுசோறும் உண்டவர்கள் அவர்கள். அவர்களது உணவில் மாவுச்சத்தே மிகுதி. ஆனால் ஏர் பிடித்தவரும், நாள்தோறும் பனையேறியவரும், கடற்கரையில் கரைவலை இழுத்தவரும் பருத்த உடலோடு இருந்ததில்லை. ஜப்பானின் ஒகினாவாத் தீவு முதியவர்கள் மெலிந்த உடலுக்கும் நீண்ட ஆயுளுக்கும் பெயர் பெற்றவர்கள். அவர்களது பழைய உணவில் பெரும்பங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அதுவும் மாவுச்சத்துதான்.

உடலுக்குள் நடப்பது

சோறு, சப்பாத்தி, இட்லி, கிழங்கு ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து செரிமானத்தில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் அதை உடலின் அணுக்களுக்குள் செலுத்துகிறது. உடனே செலவாகாத பகுதி கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. இந்தச் சேமிப்புக்கு ஓர் எல்லை உண்டு. வளர்ந்த ஒருவரின் உடலில் அது ஏறத்தாழ அரை கிலோ அளவே. பெரும்பகுதி தங்குவது தசைகளில். களஞ்சியம் காலியாக இருந்தால் வரும் சர்க்கரைக்கு இடம் உண்டு. நடந்து உழைத்துக் காலி செய்யாமல் மேலும் மேலும் கொட்டினால், உடல் அந்தச் சர்க்கரையையே எரித்துக்கொண்டு, உணவிலுள்ள எண்ணெயையும் நெய்யையும் கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. மிகையான சர்க்கரையின் ஒரு பங்கைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றுவதும் உண்டு.

ஆகவே எடையைக் கூட்டுவது மாவுச்சத்து என்ற ஒரு பொருள் அன்று. செலவுக்கு மிஞ்சிய வரவு. ஒரு கிராம் மாவுச்சத்து தருவது 4 கலோரி. புரதமும் அவ்வளவே. கொழுப்போ 9 கலோரி தருகிறது. சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரி உண்டு. அதன்மீது ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி நெய்யிலும் ஏறத்தாழ அதே அளவு உண்டு. 30 கிராம் கோதுமை மாவில் செய்த ஒரு சப்பாத்தி எண்ணெய் இல்லாமலே 100 கலோரி தரும். இரண்டு சப்பாத்தி உண்டவர் ஒரு கிண்ணம் சோற்றை உண்டவரே ஆவார். கடற்கரைச் சாலைகளில் விற்கும் பனங்கருப்பட்டியும் இக்கணக்கிற்கு விலக்கன்று. அதில் சிறிது தாதுக்கள் இருப்பினும் அதுவும் சர்க்கரையே.

சோற்றை அறவே நிறுத்தியவர்கள் முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டதாக மகிழ்வதுண்டு. கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. களஞ்சியம் காலியாகும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. முதலில் குறைந்ததில் பெரும்பங்கு நீரே; மீண்டும் சோறு உண்டதும் அது திரும்பிவிடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மாவுச்சத்தையும் மறு பிரிவினருக்குக் கொழுப்பையும் ஓராண்டுக் காலம் குறைத்துப் பார்த்தது. 2018இல் வெளியான முடிவு: இரு பிரிவினரும் சராசரியாக ஐந்து முதல் ஆறு கிலோ குறைந்தனர், குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

சோற்றின் பக்கமும் குற்றம் உண்டு

இதனால் எவ்வளவு சோறும் உண்ணலாம் என்று கொள்வது தவறு. சென்னையிலுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் இணைந்து, நாடு முழுவதும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியாயிற்று. இந்தியர்கள் பெறும் கலோரியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தும், 12 பங்கு மட்டுமே புரதத்திலிருந்தும் வருவதாக அது காட்டியது. மாவுச்சத்து மிக அதிகமாக உண்போரிடையே சர்க்கரை நோயும் பருமனும் கூடுதலாகக் காணப்பட்டன.

அந்த ஆய்வில் சப்பாத்திக்கு மாறிய குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. தீட்டிய அரிசிக்குப் பதிலாகக் கோதுமையையோ சிறுதானியத்தையோ வைத்து, மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் விட்டால், நோய் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் அது குறைவதாகத் தெரிந்தது. மாற்ற வேண்டியது தானியத்தின் பெயரை அன்று, இலையில் அதற்குரிய இடத்தை.

ஆலையில் தீட்டித் தீட்டி வெண்மையாக்கிய அரிசி, தவிட்டையும் முளையையும் இழந்து, அவற்றோடு நார்ச்சத்தையும் இழக்கிறது. அது விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையை விரைவில் உயர்த்துகிறது. உரலில் குத்திய சிவப்பு அரிசியை மென்று உண்டவருக்குக் கொஞ்சத்திலேயே வயிறு நிறைந்தது. இன்றைய மென்சோறு மெல்லாமலே இறங்கி, மறுசோறு கேட்க வைக்கிறது.

விரதம் பலகார நாளாகும்போது

ஏகாதசியன்று சோற்றை விலக்குவது நெடுநாளைய மரபு. ஆனால் பல வீடுகளில் அன்று ஒரு வேளைச் சோற்றின் இடத்தில் அவல் உப்புமா, ஜவ்வரிசிக் கிச்சடி, வறுத்த உருளைக்கிழங்கு, இரவில் இட்லி என்று பலகாரங்கள் வரிசை கட்டுகின்றன. ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த மாவுச்சத்தேயன்றி வேறில்லை. சோறு உண்ணாத நாளில், சோறு உண்ணும் நாளைவிடக் கூடுதல் மாவுச்சத்து உள்ளே சென்றுவிடுகிறது. புலனடக்கத்திற்காக ஏற்பட்ட விரதம் அதன் நோக்கத்தை இழந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்வோரும் சர்க்கரைக்குச் சிலவகை மாத்திரை உட்கொள்வோரும் வெறும் வயிற்றோடு 22 தீர்த்தமாடி நீண்ட வரிசையில் நின்றால், இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே சிறிது சர்க்கரையோ வெல்லமோ இனிப்பான பானமோ தருவதே முதல் உதவி. இத்தகையோர் விரதத்திற்கும் யாத்திரைக்கும் முன் மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை அமைத்துக்கொள்வது அவசியம். சோற்றை அறவே நிறுத்த எண்ணுவோருக்கும் இது பொருந்தும்.

முதியோரின் இலை

எடையைக் காட்டிலும் முதியோர் அஞ்ச வேண்டியது தசை இழப்பு. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. சர்க்கரையைச் சேமிக்கும் களஞ்சியமும் அதனோடு சுருங்குகிறது. எடைக்கு அஞ்சி எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு, தேநீரும் பிஸ்கட்டுமாக நாளைக் கழிப்பவர்களுக்கு எடை குறையலாம். அத்துடன் காலின் வலிமையும் போய்விடும். படியேறித் தரிசனம் செய்ய வேண்டிய கால்கள் அவை.

தமிழர் இலையில் மேற்பாதி கறிகளுக்கும் கீழ்ப்பாதி சோற்றுக்கும் உரியது. அந்த மேற்பாதியை ஊறுகாய்க்கும் அப்பளத்திற்கும் விட்டுவிடாமல் கீரை, அவரை, வாழைத்தண்டு, பூசணி என்று நிரப்ப வேண்டும். கீழ்ப்பாதியைச் சோறும் பருப்பும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நிபுணர்கள் முதியோருக்குப் பரிந்துரைப்பது, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் அல்லது சற்றுக் கூடுதலான புரதம். 30 கிராம் பருப்பில் ஏறத்தாழ 7 கிராமும், ஒரு குவளைப் பாலில் 6 கிராமும் கிடைக்கும். நவராத்திரியில் மட்டும் நினைவுக்கு வரும் சுண்டல் நாள்தோறும் மாலையில் பிஸ்கட்டின் இடத்தைப் பிடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

கறியையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னர் உண்டால் இரத்தச் சர்க்கரை மெல்ல ஏறுகிறது. உண்டபின் பத்துப் பதினைந்து நிமிட நடை அதை மேலும் தணிக்கிறது. இராமேசுவரத்தின் மூன்றாம் பிராகாரம் ஒரு சுற்று அரை கிலோமீட்டருக்கும் மிகுதி. ஊர்க்கோயில் பிராகாரம் சிறிதாயினும், சுற்றுகளைக் கூட்டிக்கொள்ளத் தடையேதும் இல்லை.

முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின் அளவறிந்து உண்ண வேண்டும் என்பதையே திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பெரிதும் பேசுகிறது. வயிற்றில் பாதியை உணவுக்கும், காலை நீருக்கும், மீதிக் காலைக் காற்றுக்கும் விட வேண்டும் என்பது பெரியோர் வழக்கு. எந்த உணவையும் பகையென்று ஒதுக்காமல் எல்லாவற்றுக்கும் அளவு குறித்த முறை அது.

திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலின் பாயசமும், மார்கழித் திருவாதிரைக் களியும் இந்தக் கடற்கரைக்கு வரும் அடியார்கள் ஏங்கிப் பெறும் பிரசாதங்கள். எடைக்கு அஞ்சி அவற்றை மறுக்கும் முதியவர்கள் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. உள்ளங்கையில் ஏந்தும் ஒரு வாய்ப் பிரசாதம் எவரையும் பருக்கச் செய்ததில்லை. கடும் சர்க்கரை உள்ளவரும் ஒரு துளியைக் கண்ணில் ஒற்றி வாயில் இட்டு, எஞ்சியதைப் பேரக் குழந்தைக்குத் தரலாம். பிரசாதம் கையளவே தரப்படுகிறது. எவரும் அதை மறுமுறை கேட்டு வயிறு நிரப்புவதில்லை. வீட்டு இலையில் விழும் அன்னத்தையும் அதே பணிவோடு, அதே அளவறிந்து ஏற்பவருக்கு அன்னம் ஒருநாளும் பகையாகாது.